அப்பா எஃப்1 அமுக்கிய கதை

நான் படிக்கிறது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா எங்க ஊர்ல இன்ஜினியரிங் படிக்கிற பையன்னா டிவி, மிக்ஸி, செல்போன், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பிரிச்சு மேயத் தெரியணும். "மெக்கானிக்கல்னா மெக்கானிக்தானே தம்பி?" என்று கேட்ட மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னால பதில் சொல்ல முடியலை.

அதனால 2024 ஜூலை முதல் வாரத்துல அப்பா ஹாஸ்டலுக்கு போன் போட்டு, "தம்பி, கம்ப்யூட்டர் நீலமாகி நீலமாகி அணையுதுடா" என்று சொன்னப்போ, வழக்கம்போல "வந்து பார்க்கிறேம்பா" என்றேன். சொல்லும்போது பெரிசா கவலை இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான் வயித்தைக் கலக்குச்சு.

"மொய்க் கணக்கு அதுலதான்டா இருக்கு."

வெளியூர்க்காரங்களுக்காகச் சின்ன விளக்கம். எங்க ஊர் பேராவூரணி பக்கம். ஆடி, ஆவணி வந்தா மொய் விருந்துதான். கல்யாணம், காதுகுத்து என்று காரணமே வேண்டாம். பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சோறு போட்டு மொய் வாங்குவாங்க. கடன் அடைக்கிறது, போர் போடுறது, பிள்ளைங்க படிப்பு எல்லாம் அந்தப் பணத்துல நடக்கும். ஆனா அது சும்மா வர்ற பணம் இல்லை. யார் எவ்வளவு போட்டாங்களோ, அவங்க விருந்து வைக்கும்போது அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யணும். மறந்தா மானம் போயிடும். ஆக, மொய் நோட்டு என்பது எங்க வீட்டுப் பாஸ்புக் மாதிரி. இல்லை, அதைவிட மேல. பாஸ்புக் தொலைஞ்சா பேங்க்குல வேற தருவாங்க.

நாங்க விருந்து வைத்தது 2017 ஆவணியில். அடுத்த வருஷம், 2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னை மரங்கள் போன கதை எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுல ஓடும் போச்சு. பரண்ல இருந்த மொய் நோட்டு ரெண்டு நாள் மழையில ஊறி, இங்க் எல்லாம் ஊதா ஊதாவாக் கரைஞ்சு கிடந்துச்சு. அப்பா அதைப் பக்கம் பக்கமா வெயில்ல காய வெச்சார். அக்கா ஒவ்வொரு பேரா உத்து உத்துப் படிச்சு, தெரியாததை நாலு வீட்டுல விசாரிச்சு, 2019ல ஒரு மாசம் உட்கார்ந்து எக்செல்ல ஏத்தினா. 412 பேர். "வந்தது", "செய்தது" என்று ரெண்டு கட்டம். காய வெச்ச நோட்டை அடுத்த மழைக்காலத்துல கரையான் முடிச்சு வெச்சிடுச்சு.

அப்ப மிச்சம் இருந்தது அந்த ஒரு எக்செல் ஃபைல்தான். 2012ல அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர்ல, விண்டோஸ் 7ல, டெஸ்க்டாப்பில, "மொய்" என்ற பேர்ல.

அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பா கேட்டார், "இதை ஒரு காப்பி எடுத்து வெச்சிடேன் தம்பி." நான் படம் பார்த்துக்கிட்டு இருந்தேன். "அடுத்த தடவை எடுக்கிறேம்பா" என்றேன். ரெண்டு நிமிஷ வேலை மக்களே. ரெண்டே நிமிஷம்.

நான் போறதுக்குள்ள அப்பா ஒரு சர்வீஸ் கடையிலிருந்து ஆளை வீட்டுக்கே கூட்டிட்டு வந்து காட்டிட்டார். அந்த அண்ணன் ரெண்டு தடவை ஆன் பண்ணிப் பார்த்துட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போடணும், 700 ரூபா" என்றாராம். "உள்ள இருக்கிற கணக்கு?" என்று அப்பா கேட்க, "டெஸ்க்டாப்ல இருந்தா போயிடும் சார்" என்றிருக்கிறார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டு எனக்கு போன் போட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தேன். கையில ரூம்மேட் கொடுத்த உபுண்டு பென் டிரைவ். மேஜை மேல 11 மொய் விருந்துப் பத்திரிகை வரிசையா இருந்துச்சு. ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள். அப்பா ஒண்ணும் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சேன். என் பழைய வழக்கம் என்னன்னா, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா உடனே சைடு மூடியைக் கழட்டி, ராமை உருவி, அழிரப்பரால தேய்ச்சு மறுபடி மாட்டுறது. பாதி தடவை வேலை செய்யும். ஏன் செஞ்சதுன்னு எனக்கே தெரியாது. இந்தத் தடவை கை வைக்கப் பயமா இருந்துச்சு. அதனால முதல்ல வெறுமனே பார்த்தேன். அதுதான் நான் செஞ்ச உருப்படியான முதல் வேலை.

ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது. ஒரு பீப். போர்டு கம்பெனி படம் வருது. அப்புறம் விண்டோஸ் 7 வரும்போது நாலு கலர்ப் புள்ளி சுத்தி வந்து கொடியாச் சேருமே, அது பாதி சேரும்போது பட்டென்று ஒரு நீலம். படிக்கிறதுக்குள்ள ரீஸ்டார்ட். மறுபடி அதே. மறுபடி அதே.

இங்கே ஒரு விஷயம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது ஒரு ரிலே ரேஸ் மாதிரி. முதல்ல கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ். அடுத்து போர்டுல இருக்கிற பயாஸ், அது ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கான்னு பார்க்கும். அப்புறம் டிஸ்க்குல இருக்கிற பூட் லோடர். அதுக்கு அப்புறம்தான் விண்டோஸ். குச்சி எந்தக் கையில இருக்கும்போது விழுதுன்னு பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்திடும்.

ஃபேனே சுத்தலைன்னா கரண்ட் அல்லது எஸ்எம்பிஎஸ். ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரலை, பீப் பீப்னு கத்துதுன்னா பெரும்பாலும் ராம் இல்லேன்னா டிஸ்ப்ளே கார்டு. கருப்புத் திரையில பூட் டிவைஸ் இல்லைன்னு எழுத்து வந்தா டிஸ்க், அதோட ஒயர், இல்லேன்னா பூட் ஆர்டர். டெஸ்க்டாப் வந்த பிறகு விழுந்தா ஏதாவது புரோகிராம், வைரஸ், சூடு. எங்க வீட்டுது விண்டோஸ் லோகோ வரைக்கும் ஓடி வந்து விழுது. அதாவது டிஸ்க்கை யாரோ படிக்கிறாங்க. அப்ப டிஸ்க் முழுசா சாகலை. அந்த நினைப்புலதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்து அந்த நீலத்தைப் படிக்கணும். எஃப்8 தட்டினா வர்ற மெனுவில, கிராஷ் ஆனா தானா ரீஸ்டார்ட் ஆகாம நிறுத்துறதுக்கு ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்ததும் நீலத் திரை அசையாம நின்னுச்சு. கடைசியில ஒரு நம்பர், முடிவில "7பி". செல்போன்ல தேடினேன். "பூட் டிவைஸை அணுக முடியவில்லை" என்று அர்த்தம்.

பூட் ஆகி பாதி வழி வந்துட்டு, பூட் டிவைஸைக் காணோமாம்! வண்டியில உட்கார்ந்து ஓட்டிக்கிட்டே வண்டி எங்கேன்னு கேக்குற மாதிரி.

சேஃப் மோடு போட்டுப் பார்த்தேன், அதுவும் அதே நீலம். ஸ்டார்ட்டப் ரிப்பேர் அரை மணி நேரம் ஓடி, "என்னால முடியலை" என்று கையை விரிச்சிடுச்சு. அம்மா தோசை கொண்டு வந்து வெச்சாங்க. அது ஆறிப்போச்சு.

"ஏம்ப்பா, இது நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாச்சும் பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலையே."

மதியத்துக்கு மேல உபுண்டு பென் டிரைவைச் செருகினேன். டிஸ்க்குல எதையும் எழுதாம பென் டிரைவிலிருந்தே ஓடும். ரெண்டு நிமிஷத்துல ஆரஞ்சும் ஊதாவுமா டெஸ்க்டாப் வந்துச்சு. டிஸ்க்கைத் திறந்தேன். ஃபோல்டர் ஃபோல்டராப் போய், டெஸ்க்டாப், அங்கே "மொய்". டபுள் கிளிக். 412 வரி. கடைசி வரி எங்க பெரியம்மா.

"அப்பா..." என்று கூப்பிட்டேன். குரல் சரியா வரலை. அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தார். "எல்லாம் இருக்கா?" "இருக்குப்பா." ஒண்ணும் சொல்லாம வாசல்ல போய் உட்கார்ந்துட்டார்.

ரெண்டு பென் டிரைவ்ல காப்பி எடுத்தேன். செல்போன்ல ஏத்தி அக்காவுக்கும் எனக்கும் மெயில் அனுப்பினேன். அதுக்கு அப்புறம்தான் ரிப்பேர். இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க. முதல்ல சொத்து, அப்புறம்தான் வைத்தியம்.

பொருள் பத்திரமா வந்தாச்சு, இனி ஃபார்மேட் அடிச்சாத்தான் என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்பத்தான் உபுண்டு திரையின் மேல இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 2012, ஜனவரி 5.

அந்த கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. அதனால அது காட்டுற நேரம் போர்டுல இருக்கிற கடிகாரத்தோட நேரம். அன்னிக்கு 2024 ஜூலை 6, சனிக்கிழமை. கடிகாரம் ஒரு ஜனவரி 1ல இருந்து புதுசா எண்ண ஆரம்பிச்சிருக்குன்னு வெச்சுக்கிட்டா, நாலு நாளைக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை, அது எல்லாத்தையும் மறந்திருக்கு.

"அப்பா, செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?"

"அன்னிக்குத்தான் அக்கா வீட்டுல இருந்து வந்தோம்."

திருப்பூர்ல அக்கா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வந்திருக்காங்க. போகும்போது அம்மா மெயினை அணைச்சிட்டுப் போயிருக்காங்க. எங்க வீட்டுல கம்ப்யூட்டர் ஸ்விட்சை யாரும் அணைக்கிறதில்லை. யுபிஎஸ் வேற இருக்கு. அதனால வருஷக்கணக்கா போர்டுக்கு எப்பவும் கொஞ்சம் கரண்ட் வந்துக்கிட்டே இருந்திருக்கு.

"வந்து ஆன் பண்ணினப்ப என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே..."

உள்ளேயிருந்து அம்மா குரல்: "ஏன், கருப்பா ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, எஃப்1 அமுக்குன்னு. நீங்கதானே அமுக்குனீங்க?"

அப்பா: "அது அமுக்கச் சொல்லுச்சு, அமுக்குனேன். அது ஒரு தப்பா?"

தப்பே இல்லை. ஆனா கதை முழுசும் அதுலதான் இருந்துச்சு.

போர்டுல ஒரு ரூபாய்க் காசு சைஸ்ல பட்டன் பேட்டரி ஒண்ணு இருக்கும், சிஆர் 2032. மூணு வோல்ட். கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தை ஓட்டுறதும், பயாஸ் செட்டிங்கை ஞாபகம் வெச்சுக்கிறதும் அதோட வேலை. எங்க வீட்டுப் பேட்டரி 2012ல இருந்து இருக்கிறது. அது எப்ப செத்துச்சோ தெரியாது, ஸ்விட்ச் எப்பவும் ஆன்ல இருந்ததால வெளியே தெரியலை. பத்து நாள் மெயினை அணைச்சதும் போர்டுக்கு எல்லாம் மறந்து போச்சு. ஆன் பண்ணினதும், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, கம்பெனி செட்டிங்கைப் போட்டுக்கிட்டேன், தொடர எஃப்1 அமுக்கு" என்று சொல்லியிருக்கு. ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகு கரண்ட் தொடர்ந்து இருந்ததால மறுபடி சொல்லலை. அதனாலதான் சர்வீஸ் அண்ணனும் பார்க்கலை, நானும் பார்க்கலை.

அந்தக் கம்பெனி செட்டிங்கில ஒண்ணே ஒண்ணு வேற. டிஸ்க்கோட பேசுற முறை. 2012ல அசெம்பிள் பண்ணினவர் அதை ஏஹெச்சிஐ என்ற புது முறையில வெச்சு விண்டோஸ் போட்டிருக்கார். போர்டு கம்பெனி வெச்சது ஐடிஇ என்ற பழைய முறை. விண்டோஸ் 7 தன்னைப் போடும்போது எந்த முறை இருக்கோ அதுக்கான டிரைவரை மட்டும் எழுப்பி வெச்சுக்கும். மத்ததைத் தூங்க வெச்சிடும். இப்ப பூட் லோடர் பயாஸோட கையைப் பிடிச்சு டிஸ்க்கைப் படிக்கிறதால பாதி தூரம் ஓடி வருது. விண்டோஸ் எழுந்து, "இனி நானே பார்த்துக்கிறேன்" என்று தன் சொந்த டிரைவரால டிஸ்க்கைத் தேடினா, காணோம். வாசல் சாவியை மட்டும் வெச்சுக்கிட்டு, கொல்லைப்பக்கக் கதவுல நிக்கிற மாதிரி. வீடும் இருக்கு, சாவியும் இருக்கு, உள்ளே போக முடியலை. சேஃப் மோடும் அதே சாவியை நம்பித்தான் இருக்கு. உபுண்டு எழுந்திருக்கும்போது எந்த முறைன்னு பார்த்து அதுக்கேத்த டிரைவரை எடுத்துக்கிறதால அதுக்குப் பிரச்சினை இல்லை.

பயாஸ்குள்ள போனேன். சாட்டா மோடு: ஐடிஇ. மாத்தினேன். எஃப்10. நாலு புள்ளியும் சுத்தி வந்து கொடியாச் சேர்ந்துச்சு. விண்டோஸோட அந்த டொய்ங் சத்தம் கேட்டதும் அப்பா வாசல்ல இருந்து ஓடி வந்தார்.

மோட்டார் காயில் கட்டுற மாமாகிட்ட மல்டிமீட்டர் வாங்கிப் பார்த்தா, பேட்டரியில 2.1 வோல்ட். வாட்ச் கடையில புதுசு 40 ரூபாய். கழட்டி மாட்டினதுல செட்டிங் மறுபடி போச்சு, அதே எஃப்1 இந்தத் தடவை என் கண்ணு முன்னாடியே வந்துச்சு. தேதியையும் சாட்டா மோடையும் சரி பண்ணிட்டு, அம்மா சொன்னபடி அதை ஒரு தாள்ல எழுதி சிபியு மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். (மூடியைக் கழட்டினப்ப ரெண்டு பல்லி முட்டை. அதுக்கும் நீலத் திரைக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்பாவுக்குப் புரிய வைக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.)

இப்ப நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வர்றேன்.

அன்னிக்கு ஃபார்மேட் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? கம்ப்யூட்டர் சரியாகியிருக்கும்! நிஜமா. ஐடிஇ முறையிலேயே புது விண்டோஸ் ஏறியிருக்கும், ஐடிஇ டிரைவரை எழுப்பி வெச்சுக்கிட்டு ஜம்முன்னு ஓடியிருக்கும். "பார்த்தீங்களா சார், விண்டோஸ்தான் கரப்ட்" என்று அந்த அண்ணன் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவர் கண்ணால பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். அப்பாவும் நம்பியிருப்பார். 412 பேர் கணக்கு ஒரு 40 ரூபாய் பேட்டரிக்காகப் போச்சுன்னு இந்த உலகத்துல யாருக்குமே தெரிஞ்சிருக்காது.

எனக்குப் பயம் தர்றது அதுதான். தப்பான வைத்தியம் பலிக்காம போனா நாம வேற டாக்டரைத் தேடுவோம். தப்பான வைத்தியம் பலிச்சிட்டா? அதையே அடுத்த நூறு பேருக்கும் கொடுப்போம். என் அழிரப்பர் வைத்தியமும் அந்த ரகம்தான். "சரியாயிடுச்சு" என்பதும் "என்னன்னு தெரிஞ்சிடுச்சு" என்பதும் ஒண்ணு இல்லை. லேப்ல ரீடிங் வரலைன்னா எல்லா ஒயரையும் பிடுங்கி மறுபடி சொருகுற நண்பர்கள் (நானும்தான்) கொஞ்சம் யோசிங்க.

இது நடந்து 13 நாள்ல, 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இதே மாதிரி நீலமாகி நீலமாகி விழுந்துச்சு. ஏர்போர்ட், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம். அதுக்கும் மருந்து ஃபார்மேட் இல்லை. சேஃப் மோடுல போய் ஒரே ஒரு ஃபைலை அழிக்கிறது. எது மாறுச்சுன்னு கண்டுபிடிச்சதால வந்த மருந்து. அப்பா டிவியில அதைப் பார்த்துட்டு போன் போட்டார்: "தம்பி, அவங்களும் எஃப்1 அமுக்கிட்டாங்களாடா?"

ஆடி முதல் விருந்துக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி அப்பா கம்ப்யூட்டரைத் திறந்து, 11 பத்திரிகைக்கும் உரிய வரிகளைப் பார்த்து, ஒரு புது நோட்டுல பேனாவால எழுதிக்கிட்டார். அப்புறம் அதோட நிக்கலை. தினம் பத்து பத்துப் பேரா 412 பேரையும் எழுதிக்கிட்டு இருக்கார்னு அம்மா போன்ல சொன்னாங்க. "அதான் மெயில்ல இருக்கேம்மா" என்றேன். "அடுத்த தடவை எடுக்கிறேன்னு சொன்ன ஆளுதானே நீ?" என்றார் அம்மா.

அதுக்கு மேல நான் பேசலை.

டிஸ்கி 1: விண்டோஸ் 10, 11 வெச்சிருக்கிறவங்களுக்கு எஃப்8 வித்தை சாதாரணமா வேலை செய்யாது. தொடர்ந்து ரெண்டு மூணு தடவை பூட் ஆகாம நின்னா ரிப்பேர் மெனு தானா வரும், அங்கேயிருந்து சேஃப் மோடு போகலாம். பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெக்கவரி கீ உங்ககிட்ட இருக்கான்னு பார்த்துக்கோங்க. இல்லாம மாத்தினா, டிஸ்க் நல்லா இருந்தும் உள்ளே போக முடியாம நிப்பீங்க.

டிஸ்கி 2: வீட்டுல இருக்கிறவங்க "ஒண்ணும் பண்ணலையே" என்று சொன்னா நம்பாதீங்க. பக்கத்துல இருந்தவங்களைக் கேளுங்க.

டிஸ்கி 3: இதைப் படிச்சு முடிச்ச உடனே ஒரு பென் டிரைவைத் தேடி எடுங்க. ரெண்டு நிமிஷம்தான் :-)